ஃபேஸ் டயக்ராம் கணக்கை வச்சு ஒரு நிக்கல் அலாய்: மூணாவது பட்டன்ல தான் சரியா வந்துச்சு

போன வாரம் 500 மணி நேரம் 850 டிகிரில கிடந்த துண்டை வெளிய எடுத்து, வெட்டி, பாலிஷ் பண்ணி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்தேன். ஊசி ஊசியா எதுவும் இல்ல, சுத்தமா காமா (நிக்கல் அடிப்படையான முக்கிய ஃபேஸ், அதாவது அலாய்க்குள்ள தனி அமைப்போட இருக்கற பகுதி), அதுக்குள்ள கட்டம் கட்டமா காமா பிரைம் (நிக்கலோட அலுமினியம், டைட்டானியம் சேந்து வர்ற, பலம் கொடுக்கற துகள்), அவ்ளோதான். இதுக்கு முன்னாடி ரெண்டு பட்டன் (உருக்கி எடுத்த சின்ன உலோகக் கட்டி) வீணா போச்சு, அதுல ஒண்ணு முழுக்க என் கணக்கோட தப்பு. எங்கெங்க தப்பு பண்ணேன்னு மறக்கறதுக்கு முன்னாடி வரிசையா எழுதி வச்சிடறேன்.

எனக்கு வேண்டியது இதுதான். 850-900 டிகிரில சுமை தாங்கற மாதிரி ஆறு தனிமம் மட்டும் உள்ள ஒரு எளிய நிக்கல் அலாய்: நிக்கல், கோபால்ட், குரோமியம், அலுமினியம், டைட்டானியம், டங்ஸ்டன். 850 டிகிரில காமா பிரைம் 40ல இருந்து 50 சதவீதம் இருக்கணும். காமா பிரைம் முழுசா கரையற வெப்பநிலைக்கும் (சால்வஸ்) அலாய் உருக ஆரம்பிக்கற வெப்பநிலைக்கும் (சாலிடஸ்) நடுவுல குறைஞ்சது 80 டிகிரி இடைவெளி வேணும், இல்லன்னா ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணவே முடியாது. சிக்மா, மியூ மாதிரி நொறுங்கற ஃபேஸ் எதுவும் 800க்கு மேல நிலையா இருக்கக் கூடாது. ரீனியம், டான்டலம் எதுவும் கிடையாது, கைல இருந்த உலோகம் அவ்ளோதான்.

டூல் விஷயம். எந்த கலவைல, எந்த வெப்பநிலைல எந்த ஃபேஸ் எவ்ளோ இருக்கும்னு கணக்கு போடணும். ஆரம்பத்துல பழகறதுக்கு பைகால்ஃபேட், பைத்தான்ல ஓடற இலவச லைப்ரரி. அதுல அலுமினியம்-குரோமியம்-நிக்கல் மூணுக்கும் 2001ல டுபான், அன்சாரா, சுண்ட்மன் மூணு பேரும் வெளியிட்ட ஃபேஸ் எனர்ஜி மதிப்பீட்டை வச்சு விளையாடினேன். ஆறு தனிமத்துக்கு அது பத்தாது, அதனால லேப்ல இருந்த பல தனிம நிக்கல் டேட்டாபேஸுக்கு மாறினேன். இங்க ஒரு விஷயம் முதல்லயே தெரிஞ்சிருக்கணும்: ஆறு தனிமம்னா 15 இரட்டை ஜோடி, 20 மும்மை. இதுல எதெது உண்மையிலயே சோதனையோட ஒத்துப் பாத்து மதிப்பிட்டது, எதெது சும்மா ஜோடிகள்ல இருந்து நீட்டி எடுத்ததுன்னு டேட்டாபேஸோட கையேட்டுல ஒரு அட்டவணை இருக்கும். அதை பிரிண்ட் எடுத்து பக்கத்துல ஒட்டி வச்சுக்கோங்க. நான் அதை ரெண்டாவது பட்டன் போனதுக்கு அப்புறம் தான் பிரிச்சுப் படிச்சேன்.

முதல் குழப்பம் முதல் நாள்லயே வந்துச்சு. நிக்கல்-அலுமினியம் கணக்கு போட்டா எல்லா வெப்பநிலைலயும் எல்1-2 ஃபேஸ் (காமா பிரைமோட அணு அடுக்குக்கு உள்ள பேரு) 100 சதவீதம்னு வருது. ஆகா, முழுசும் காமா பிரைமான்னு ரெண்டு நாள் அப்படியே நம்பிட்டு இருந்தேன். விஷயம் என்னன்னா, அந்த மாடல்ல காமாவுக்கும் காமா பிரைமுக்கும் ஒரே ஃபேஸ் பேரு தான், ஒழுங்கா அடுக்கின நிலையும் ஒழுங்கில்லாத நிலையும் ஒரே எனர்ஜி சமன்பாட்டுல இருக்கு. பேரைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. ஒவ்வொரு சப்லாட்டிஸ்லயும் (படிகத்துல அணு உக்காரற இட வரிசை) எந்த அணு எவ்ளோ உக்காந்திருக்குன்னு சைட் ஃபிராக்ஷனைப் பாக்கணும்: நாலு இடத்துலயும் அலுமினியம் சமமா இருந்தா காமா, ஒரு இடத்துல மட்டும் குவிஞ்சிருந்தா காமா பிரைம். இதுக்கு ஒரு பத்து வரி ஃபங்ஷன் எழுதி, ரெண்டையும் தனித்தனி பேர்ல பிரிச்சு எடுத்தேன். அந்த பத்து வரி தான் இந்த மொத்த ப்ராஜெக்ட்லயும் நான் அதிகமா பயன்படுத்தின கோட்.

அடுத்தது அணு சதவீதமா எடை சதவீதமான்னு. கணக்கு அணு விகிதத்துல நடக்குது, கட்டுரைங்கள்ல அலாய் எல்லாம் எடை சதவீதத்துல இருக்கு, டங்ஸ்டன் மாதிரி கனமான ஆளு உள்ள இருந்தா இந்த ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. என் கடைசி அலாய்லயே பாருங்க, அலுமினியம் அணுவுல 10 சதவீதம், எடைல வெறும் 4.7. டங்ஸ்டன் அணுவுல 2.5, எடைல 8.0. ஒரு தடவை எடை எண்ணை அப்படியே அணு இடத்துல போட்டுட்டு, காமா பிரைம் ஏன் இவ்ளோ கம்மின்னு அரை நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். வெப்பநிலையும் கெல்வின்ல போகணும், 273.15 கூட்டறதை மறந்தா கர்வ் பாக்க அழகா வழுவழுன்னு தான் வரும், ஆனா எல்லாமே தள்ளி இருக்கும். அதுக்கப்புறம் எந்தக் கணக்கு ஆரம்பிச்சாலும் முதல்ல தெரிஞ்ச ஒரு அலாயைப் போட்டு சரி பாக்கற பழக்கம் வந்துச்சு. நான் எடுத்தது ஹெய்ன்ஸ் 282, அதோட காமா பிரைம் சால்வஸ் 997 டிகிரின்னு தயாரிப்பாளரே போட்டிருக்காங்க, என் செட்டப்ல அதுக்கு பக்கத்துல வந்தா தான் மேல போவேன்.

இப்ப தேடல். குரோமியம் 10ல இருந்து 20 வரைக்கும் ஒவ்வொண்ணா, அலுமினியம் 8-12, டைட்டானியம் 1-4, டங்ஸ்டன் 1-5, இந்த மூணும் அரை அரையா, கோபால்ட் 10ல நிறுத்திட்டு மீதி நிக்கல். 11 பெருக்கல் 9 பெருக்கல் 7 பெருக்கல் 9, மொத்தம் 6237 கலவை. ஒவ்வொண்ணுக்கும் 12 வெப்பநிலை, அப்ப 74,844 கணக்கு. டேட்டாபேஸ்ல இருக்கற எல்லா ஃபேஸையும் சேத்தா ஒரு கணக்குக்கு 3 செகண்ட் ஆச்சு, முடிய 62 மணி நேரம். நான் என்ன பண்ணேன், திரவம், காமா, காமா பிரைம், பி2 (இன்னொரு நிக்கல்-அலுமினியம் ஃபேஸ்) நாலை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை எல்லாம் எடுத்துட்டேன். 0.6 செகண்ட் ஆச்சு, பன்னெண்டரை மணி நேரத்துல, ராத்திரி போட்டு காலைல எழுந்து பாத்தா ரிசல்ட் ரெடி. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. எடுத்த ஃபேஸை எல்லாம் அப்புறம் திரும்ப சேக்கணும்னு எங்கயும் எழுதி வைக்கல, அதோட விளைவு பின்னாடி வருது.

அந்த லிஸ்ட்ல இருந்து நான் தேர்ந்தெடுத்தது குரோமியம் 18, டங்ஸ்டன் 3.5, அலுமினியம் 10, டைட்டானியம் 2.5, கோபால்ட் 10, நிக்கல் 56. குரோமியம் அதிகம்னா ஆக்ஸிஜனேற்றம் தாங்கும், டங்ஸ்டன் அதிகம்னா காமாவுக்கு பலம், கணக்குல எந்த கெட்ட ஃபேஸும் காட்டல, இதுக்கு மேல என்ன வேணும்னு நினைச்சேன்.

முதல் பட்டன், 30 கிராம், ஆர்க் மெல்டிங். தண்ணி ஓடற செம்பு அடுப்பு, ஆர்கான், முதல்ல ஒரு டைட்டானியம் துண்டை உருக்கி மிச்ச ஆக்ஸிஜனை இழுக்க விட்டேன். எல்லா உலோகத்தையும் ஒண்ணா குவிச்சு, அஞ்சு தடவை திருப்பித் திருப்பி போட்டு உருக்கினேன். நறுக்கிப் பாத்தா நடுவுல கடுகு அளவுக்கு டங்ஸ்டன் கரையாம அப்படியே உக்காந்திருக்கு. நிக்கல் 1455 டிகிரில உருகும், டங்ஸ்டன் 3422, அது உருகறதை விட மெதுவா கரையணும், அதுக்கு நேரம் கொடுக்கல. போச்சு அந்த பட்டன். ரெண்டாவதுக்கு முதல்ல நிக்கலையும் டங்ஸ்டனையும் மட்டும் சேத்து ஒரு துண்டு செஞ்சு, அதை வெட்டிப் பாத்து முழுசா கரைஞ்சிருக்குன்னு உறுதி பண்ணிட்டு, அப்புறம் கோபால்ட், குரோமியம், கடைசில அலுமினியமும் டைட்டானியமும். அலுமினியத்தை எப்பவும் மத்த துண்டுக்கு அடியில வைங்க, ஆர்க் நேரா பட்டா தெறிச்சு ஓடிடும்.

ரெண்டாவது பட்டன் பாக்க நல்லா இருந்துச்சு. நாலு துண்டா வெட்டினேன். கணக்குப்படி சால்வஸ் 1140, சாலிடஸ் 1290, நடுவுல 150 டிகிரி தாராளமா இருக்கேன்னு 1240ல 24 மணி நேரம் போட்டேன். வெளிய எடுத்து பாலிஷ் பண்ணா டென்ட்ரைட்டுகளுக்கு (உறையும்போது மரக்கிளை மாதிரி வளர்ற படிகம்) இடைல எல்லாம் உருண்டை உருண்டையா உருகி உறைஞ்ச இடம், சுத்தி ஓட்டை. இதுக்கு காரணம் நான் சாலிடஸை சமநிலை கணக்குல இருந்து எடுத்தது. வார்த்த பட்டன் சமநிலைல உறையறதில்ல. டங்ஸ்டன் முதல்ல உறையற டென்ட்ரைட் நடுத்தண்டுல போய் சேந்துக்கும், அலுமினியமும் டைட்டானியமும் கடைசி திரவத்துல ஒதுங்கும், அந்த கடைசி இடம் ரொம்ப முன்னாடியே உருகிடும். இதை கணக்கு போட ஷைல் முறைன்னு ஒண்ணு இருக்கு, திரவத்துல கலப்பு முழுசா நடக்குது, திடத்துல நடக்கவே இல்லன்னு எடுத்துக்கிட்டு படிப்படியா போறது. அதைப் போட்டா, திரவம் 1 சதவீதம் மிச்சம் இருக்கும்போது 1180 டிகிரி. நான் 1240ல போட்டிருக்கேன், உருகாம என்ன பண்ணும்.

அடுத்த துண்டுக்கு முதல்ல 1160ல 24 மணி நேரம், கலவை கொஞ்சம் பரவின பிறகு 1220ல இன்னொரு 24 மணி நேரம். உருகல. டங்ஸ்டன் நிக்கல்ல ரொம்ப மெதுவா தான் நகரும், அதனால டென்ட்ரைட் நடுவுல லேசா மிச்சம் இருந்துச்சு, ஆனா வேலைக்கு ஆகும். ஒரு குறிப்பு: குவார்ட்ஸ் குழாய்ல சீல் பண்ணி 1200க்கு மேல நீண்ட நேரம் வைக்காதீங்க, குழாய் தொய்ஞ்சு ஃபர்னஸ் தரைல ஒட்டிக்கும். நான் அலுமினா குழாய் ஃபர்னஸ்ல ஆர்கான் ஓடவிட்டு, பக்கத்துல ஒரு படகுல டைட்டானியம் ஸ்பாஞ்ச் வச்சு பண்ணேன். அப்புறம் ஃபர்னஸ் டிஸ்ப்ளேவை அப்படியே நம்ப வேணாம். எஸ் டைப் தெர்மோகப்பிளை துண்டு இருக்கற இடத்துலயே வச்சு பாத்தா டிஸ்ப்ளேவை விட 14 டிகிரி கம்மி. ஷைல் சொல்ற எல்லைக்கு 20 டிகிரி தள்ளி நிக்கற வேலைல 14 டிகிரி ரொம்ப பெரிய விஷயம்.

அதுக்கப்புறம் 850ல 500 மணி நேரம், 21 நாள். எடுத்துப் பாத்தா பின்சிதறல் படத்துல (கனமான அணு இருக்கற இடம் வெளிச்சமா தெரியற மைக்ரோஸ்கோப் படம்) பளிச்சுன்னு வெள்ளையா தட்டு தட்டா, குறுக்கும் நெடுக்குமா, ஒரு கிரெய்ன்குள்ள (ஒரு தனிப் படிகம்) எல்லாம் ஒரே கோணத்துல வளந்து நிக்குது. பாத்த உடனே வயிறு கலங்கிடுச்சு. எக்ஸ்-ரே டிஃப்ராக்ஷன் நேரா எடுத்தா பீக் ஒண்ணும் தெளிவா இல்ல, அளவு கம்மி. அதனால மெத்தனால்ல 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 சதவீதம் டார்டாரிக் அமிலம் கலந்து, துண்டை மின்சாரம் கொடுத்து கரைச்சேன். காமாவும் காமா பிரைமும் கரைஞ்சு போயிடும், கெட்ட ஃபேஸ் பொடியா அடியில நிக்கும். (ஃப்யூம் ஹூட் இல்லாம இதை செய்யவே கூடாது.) அந்தப் பொடியை எக்ஸ்-ரேல வச்சா சிக்மா, சந்தேகமே இல்ல.

டேட்டாபேஸ் தான் தப்புன்னு மூணு நாள் சொல்லிட்டு திரிஞ்சேன். அப்புறம் இன்புட் ஃபைலைத் திறந்து பாக்கறப்ப தான் ஃபேஸ் லிஸ்ட்ல நாலே நாலு பேரு. சிக்மாவையே நான் கேக்கல, அது எப்படி பதில் சொல்லும். முழு லிஸ்ட்டையும் போட்டு அதே கலவையை ஓட்டினா 850ல சிக்மா 6 சதவீதம், 930 வரைக்கும் நிலையா இருக்கு. டேட்டாபேஸுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. 21 நாள் ஃபர்னஸ் ஓடி கண்டுபிடிச்சது ஒரு 3 செகண்ட் கணக்குல இருந்துச்சு.

இதுல எனக்கு ரொம்ப வருத்தம் எதுன்னா, கம்ப்யூட்டரே இல்லாம கூட இதைப் பிடிச்சிருக்கலாம். 1960கள்ல இருந்தே ஃபாகாம்ப்னு ஒரு முறை இருக்கு. காமாவோட கலவையை எடுத்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு எலக்ட்ரான் காலியிட எண்ணால பெருக்கி கூட்டணும்: நிக்கல் 0.66, கோபால்ட் 1.71, குரோமியம், டங்ஸ்டன் 4.66, டைட்டானியம் 6.66, அலுமினியம் 7.66. கூட்டி வர்ற சராசரி 2.45-2.5 பக்கம் போனா சிக்மாவுக்கு பயப்படணும். காமா பிரைம் வெளிய வந்துட்டா குரோமியம் கிட்டத்தட்ட முழுசும் மிச்ச காமாவுல தான் சேரும், அலாய்ல 18 இருந்தது காமாவுல 30 ஆகிடுது. அந்த கலவைக்கு போட்டா 2.48. அஞ்சு நிமிஷ வேலை, கால்குலேட்டர் போதும். பழைய முறைன்னு அதை ஒதுக்கக் கூடாது, ரெண்டு முறைக்கும் அடிப்படை வேற வேற, அதனால ஒண்ணுல விட்டதை இன்னொண்ணு பிடிக்கும்.

மறுபடி தேடல், இந்த தடவை ரெண்டு கட்டமா. அதே 6237ஐ நாலு ஃபேஸோட ஓட்டி, காமா பிரைம் அளவும் சால்வஸும் சரியா வர்ற 40 கலவையை மட்டும் எடுத்து, அந்த 40க்கு மட்டும் எல்லா ஃபேஸையும் சேத்து ஓட்டினேன். 480 கணக்கு, 24 நிமிஷம். முதல்லயே இப்படி பண்ணியிருக்கலாம். 40ல 31 சிக்மாலயோ மியூலயோ விழுந்துச்சு. மிச்சம் ஒன்பதுல ஷைல் போட்டு, கடைசி திரவம் சால்வஸுக்கு மேல நிக்கறதை மட்டும் எடுத்தேன். அதுக்கு மேல இன்னொண்ணு: ஒவ்வொரு தனிமத்தையும் கூட்டியோ குறைச்சோ 0.2 அணு சதவீதத்துக்குள்ள தாறுமாறா மாத்தி 200 தடவை கணக்கு. நான் எடுத்த கலவைக்கு சால்வஸ் 1114ல இருந்து 1141 வரைக்கும் அலைஞ்சுச்சு. 27 டிகிரி. எடை போடறதுல வர்ற சின்ன தப்புக்கே இவ்ளோன்னா டயக்ராம்ல வரைஞ்ச கோட்டை ஒரு கோடா பாக்காம ஒரு பட்டையா தான் பாக்கணும். ஓரத்துல நிக்கற கலவை எதையும் எடுக்கல.

கடைசில நின்னது நிக்கல் 61, கோபால்ட் 10, குரோமியம் 14, அலுமினியம் 10, டைட்டானியம் 2.5, டங்ஸ்டன் 2.5. ஃபாகாம்ப் எண் 2.1 பக்கம். 30 கிராமுக்கு நிக்கல் 18.69, குரோமியம் 3.80, கோபால்ட் 3.08, டங்ஸ்டன் 2.40, அலுமினியம் 1.41, டைட்டானியம் 0.62 கிராம்.

மூணாவது பட்டன் உருக்கி எடுத்தா எடை 29.94. 0.06 கிராம் போச்சு, 0.2 சதவீதம் தானேன்னு விட்டுட்டேன். டிஎஸ்சில (சூடு பண்றப்ப வர்ற வெப்ப மாற்றத்தை அளக்கற மிஷின்) நிமிஷத்துக்கு 10 டிகிரி ஏத்தி சால்வஸ் பாத்தா 1109, கணக்கு 1128. 19 டிகிரி இடிக்குது. மிஷினை தங்கம் வச்சு (1064.18 டிகிரில உருகும்) சரி பாத்தேன், அதுல தப்பில்ல. கலவையை ஐசிபில (தனிமங்களோட அளவு பாக்கற ரசாயன பகுப்பாய்வு) கொடுத்தப்ப தான் அலுமினியம் 9.6ன்னு வந்துச்சு. அந்த 0.06 கிராம் முழுசும் அலுமினியம்னு வச்சா சரியா 0.4 அணு சதவீதம் வருது! உண்மையான கலவையைப் போட்டு திரும்ப கணக்கு பண்ணா சால்வஸ் 1116. 7 டிகிரி வித்தியாசம், அதை நான் தாராளமா ஏத்துக்குவேன். மைக்ரோஸ்கோப்ல இருக்கற ஈடிஎஸ்ஸை (துண்டுல இருந்து வர்ற எக்ஸ்-ரே கோடுகளை வச்சு தனிமம் சொல்ற கருவி) நம்பி இந்த வேலை பண்ணாதீங்க. அது எனக்கு சிலிக்கான் இருக்குன்னு காட்டிச்சு, நான் சிலிக்கானே போடல. டங்ஸ்டனோட எம் கோடும் சிலிக்கானோட கே கோடும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல விழும், போதாக்குறைக்கு கடைசி பாலிஷ் வேற கொலாய்டல் சிலிகா.

சால்வஸை இன்னொரு வழிலயும் பாத்தேன், 1080, 1100, 1120, 1140 நாலுலயும் ஒரு மணி நேரம் வச்சு தண்ணில குவென்ச். இங்க ஒரு பொறி இருக்கு: எவ்ளோ வேகமா குளிர வச்சாலும் காமா பிரைம் பொடிப்பொடியா திரும்ப வந்துடும், அதை கரையாம நின்னதுன்னு நினைக்கக் கூடாது. பெரிசு பெரிசா நிக்கறது தான் கரையாதது. 1100ல பெரிசு கொஞ்சம் இருந்துச்சு, 1120ல ஒண்ணும் இல்ல. டிஎஸ்சி சொன்னதோட ஒத்துப் போச்சு. எட்ச் (அமைப்பு தெரியறதுக்கு மேற்பரப்பை லேசா அரிக்கறது) பண்ணது காலிங் நம்பர் 2, குப்ரிக் குளோரைடு 5 கிராம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லி, எத்தனால் 100 மில்லி, பத்து செகண்ட் போதும்.

850ல காமா பிரைம் அளவு கணக்குல 44, படத்துல எண்ணினது 42. அந்த 500 மணி நேர துண்டுல சிக்மா இல்ல, அமிலத்துல கரைச்சும் பாத்துட்டேன், வடிதாள்ல எடை போடற அளவுக்கு ஒண்ணும் நிக்கல.

மொத்தத்துல ஆன செலவு: மூணு பட்டனுக்கு 90 கிராம் உலோகம், ஃபர்னஸ் 1100 மணி நேரத்துக்கு மேல, அதுல பாதி நான் ஒரு ஃபேஸ் லிஸ்ட்டை சரி பாக்காததால. இந்தக் கணக்கு காட்டாத விஷயமும் இருக்கு: எவ்ளோ நாள்ல வரும்னு அது சொல்லாது, 500 மணி நேரத்துல வராதது 5000ல வரலாம், அதனால இன்னொரு துண்டு இப்ப 850ல உள்ள தான் கிடக்கு, 2000 மணி நேரத்துக்கு முன்னாடி எடுக்கப் போறதில்ல. காமா, காமா பிரைம் ரெண்டோட லாட்டிஸ் எவ்ளோ பொருந்துதுன்னும் இந்த டயக்ராம்ல தெரியாது, தவழ்வு சோதனைக்கு (சுமைல மெதுவா நீளறதைப் பாக்கறது) போகறதுக்கு முன்னாடி அதை தனியா அளக்கணும்.

அடுத்த பட்டனுக்கு அலுமினியம் 1.41க்கு பதிலா 1.47 கிராம் வெட்டி வச்சிருக்கேன், போற 0.06க்கு. இன்புட் ஃபைலோட முதல் வரில இப்ப ஓடற ஃபேஸ் லிஸ்ட்டையும், டேட்டாபேஸ்ல இருந்தும் லிஸ்ட்ல இல்லாத ஃபேஸ் எதெதுன்னும் அதுவே பிரிண்ட் பண்ற மாதிரி மாத்திட்டேன். நேத்து ஓட்டினப்ப முதல்ல வந்த வரி: விட்டுப்போன ஃபேஸ் எதுவும் இல்ல.